பெல் மாமா ட்ரவுட் பிடித்த கதை

கோலார் தங்க வயலில் பிறந்து வளர்ந்தவர்களில், அடுத்தவர்களின் விடுமுறையைப் பாழாக்குவதில் பெல் மாமாவை மிஞ்சிய ஆள் இதுவரை இல்லை. இனிப் பிறக்கப்போவதும் இல்லை. அவர் என் அம்மாவின் அண்ணன் என்பதால் இதைக் குறைத்துத்தான் சொல்கிறேன்.

ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் பேங்க்ஸ்மேன். அதாவது, சுரங்கக் குழியான ஷாஃப்ட்டின் வாயில் நின்று, கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி, அதை இயக்குகிற இன்ஜின் டிரைவருக்கு பெல் அடித்துச் சொல்லும் வேலை. ஒரு பெல் என்றால் எது ஓடிக்கொண்டிருந்தாலும் நிற்க வேண்டும். இரண்டு பெல் என்றால் இறக்க வேண்டும். மூன்று பெல் என்றால் உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள், மெதுவாக ஏற்ற வேண்டும். பிறகு சுரங்கத்தை மூடினார்கள். மாமாவை மூட யாருக்கும் தோன்றவில்லை.

வேலை போன சூட்டோடு வீட்டு வாசலில் ஒரு பித்தளை பெல்லைத் தொங்கவிட்டார். அவர் ஒரு பெல் அடித்தால் எங்கள் வீட்டு வரிசையே நிற்க வேண்டும். நின்றோம். அத்தை கரண்டியைக் குழம்புக்கு மேலே பிடித்தபடி நிற்பார். குழாயடியில் குடங்கள் நிரம்பி வழியும். ஓடிப் பிடித்து விளையாடிய நாங்கள் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நிற்போம். மாமா எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு அறிவிப்பார்.

"ஒண்ணுமில்ல. பழக்கம் வுட்டுப் போச்சான்னு பாத்தேன். வேலைய பாருங்க."

நான் இப்போது பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சோதிக்கும் பொறியாளர். தினமும் ரயிலில் போய் வருகிறேன். இன்றைக்கும் எங்காவது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால், நடந்துகொண்டிருக்கும் கால் தானாக நின்றுவிடுகிறது. இதற்கு யார் மேல் வழக்குப் போடுவது என்று தெரியவில்லை.

பெல்லுக்கு அடுத்தபடியாக மாமா எங்கள் உயிரை வாங்கியது ட்ரவுட் மீனை வைத்து. வாலிபத்தில் ஒரு சுரங்க அதிகாரியோடு நீலகிரிக்குப் போய், மலை ஏரியில் ட்ரவுட் பிடித்தாராம். அதிகாரிக்குத் தூண்டில் போடச் சொல்லிக் கொடுத்ததே இவர்தானாம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த மீன் முழங்கை நீளம் இருந்தது. கல்லூரி முடிப்பதற்குள் தோள்வரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதிகாரியைவிட உயரமாகியிருக்கும்.

இந்தப் பீற்றலில் அவரே போய் மாட்டிக்கொண்டார். அவருடைய ஒரே மகள் மாலா அக்கா பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். இங்கே கூரை ஒழுகுகிறது, அத்தைக்கு முட்டி வலி. எங்களோடு வந்துவிடுங்கள் என்று வருஷக்கணக்கில் கெஞ்சிப் பார்த்தாள்.

"நானும் போய்ட்டா ஷாஃப்ட் வாயில யாரும்மா நிப்பா?" என்பார் மாமா.

"மூடுன வாயில நின்னுக்கினு இன்னாப்பா பண்ணப் போறே?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. ட்ரவுட்டு புடிச்சவன் நான். பொறுமை இன்னான்னு எனக்குத் தெரியும்."

ஒரு நாள் மாலா அக்காவின் பொறுமை தீர்ந்தது. "சரிப்பா. இந்தக் கோடை லீவுல எல்லாரும் மலைக்குப் போவோம். ஒரே ஒரு ட்ரவுட்டு உன் கையால புடிச்சுக் காட்டு. இனிமே பெங்களூரு பேச்சே எடுக்க மாட்டேன். புடிக்கலன்னா பெட்டியக் கட்டு."

அத்தை, அம்மா, நான் என்று மூன்று சாட்சிகள். மாமாவுக்குத் தப்பிக்க வழியில்லை. தலையை ஆட்டினார். அவர் முகத்தில் அன்று தெரிந்தது பொறுமை இல்லை, பேதி.

மே மாதம் வேன் கிளம்பியது. ஓட்டியது மாலா அக்காவின் கணவர் பிரபு அண்ணன். அவரும் தங்க வயல்காரர். முகாமுக்குத் தேவையானவற்றை நான் வரிசையாக எடுத்து வைத்திருந்தேன்: கூடாரம், மழைக்கோட்டு, அடுப்பு, மருந்து. மாமா கொண்டுவந்தவை வேறு: சுரங்க ஹெல்மெட், விசில், ஒரு பானை ராகிக் களி.

"களி எதுக்கு மாமா?"

"ட்ரவுட்டுக்கு. ஒரு உருண்டை காட்டினா வரிசையில வந்து நிக்கும் பாரு."

ஒவ்வொரு முறை வேனில் ஏறும்போதும் ஆள் கணக்கு எடுத்தார். ஐந்தே பேர். தன்னை எண்ண மறந்து, ஒரு ஆள் குறைகிறது என்று மைசூரில் டீக்கடைக் கழிப்பறை வரை போய்த் தேடினார். மலைப்பாதை வளைவில் ஹெல்மெட்டில் சாவியால் ஒரு தட்டு தட்டினார். டிங். பிரபு அண்ணனின் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் எங்கள் வம்சத்தையே விசாரித்தார்.

"இன்னா மாமா ஆச்சு?" என்று பின்னால் திரும்பினார் பிரபு அண்ணன்.

"காது அடைக்குதுப்பா. கொஞ்சம் நின்னுட்டுப் போலாம்."

ஊட்டியைத் தாண்டி, ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூடாரம் போட இடம் கொடுத்தார்கள். செய்முறைக் குறிப்பைப் படித்து நான் நிறுத்திய கூடாரத்தை மாமா பிரித்தார். கூரை தாங்காது என்று, சுரங்கத்தில் முட்டுக் கொடுப்பதுபோல் உள்ளே நாலு கட்டைகளை நட்டார். அதன் பிறகு கூடாரம் மிகவும் பலமாக இருந்தது. ஆட்கள் படுக்கத்தான் இடமில்லை.

மீன்வளத் துறையில் அனுமதிச் சீட்டு வாங்கினோம். முதல் நாள் முதல் ஏரி. காவலுக்குக் கூட வந்த வாட்சர் களி உருண்டையைப் பார்த்துத் திகைத்தார்.

"சார், ட்ரவுட்டு இதெல்லாம் தொடாதுங்க. பூச்சி, புழுதான் திங்கும்."

"எந்த ஊரு ட்ரவுட்டப்பா? எங்க அதிகாரிக்கே நான்தான்..."

சாயங்காலத்துக்குள் பானைக் களி முழுவதும் ஏரிக்குள் போனது. ஏரியிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை. மாமா அன்று இரவுச் சாப்பாட்டை வேண்டாம் என்றார். மாலா அக்கா சூட்கேஸ் விற்கும் கடைகளை போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இரண்டாவது ஏரி. சீட்டுக்கு அன்றுதான் கடைசி நாள். மாமா அத்தையின் பையைத் துழாவி, பயணத்திலும் அவர் பிரியாத சின்னப் பூஜை மணியை எடுத்து, தூண்டில் கழியின் நுனியில் நூலால் கட்டினார். மீன் கடித்தால் சத்தம் கேட்குமாம்.

"சாமி மணிய கொண்டாந்து மீனுக்குக் கட்டிக்கீறீங்களே, இது அடுக்குமாங்க?" என்றார் அத்தை.

"மீனு வந்து மணி அடிச்சா அதுவும் பூஜைதான். சும்மா இரு."

கொக்கியில் களி இல்லை, வாட்சர் கொடுத்த புழு. பெல் மாமா இன்னொருவர் பேச்சைக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான். தலைக்கு மேல் அடுக்குமாடி வீடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் யாரும் கேட்பார்கள்.

வெயில் சாயத் தொடங்கியது. நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். பிரபு அண்ணன் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தார். மாலா அக்கா ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குக் கால் வைத்தாள். அப்போது கழியின் நுனி வளைந்தது.

டிங்.

ஒரு பெல். ஐந்து பேரும் நின்றோம். என் டீ டம்ளரைத் தாண்டி மண்ணில் வழிந்தது. பிரபு அண்ணனின் வாயில் பன் நின்றது. மாலா அக்கா இரண்டு பாறைகளுக்கு நடுவே கொக்குபோல் நின்றாள். மாமா வலது கையை உயர்த்தி, கேஜையே நிறுத்திவிட்டவரைப்போல் நின்றார்.

"சார், மீனுங்க! இழுங்க சார்!" என்று கத்தினார் வாட்சர். யாரும் அசையவில்லை. பாவம், அவர் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். யானையைப் பார்த்துவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். அவரும் மெதுவாக ஒரு மரத்தின் பின்னால் போனார்.

டிங், டிங்.

இரண்டு பெல். மாமாவின் கை தானாகப் போய்த் தூண்டில் சுருளைத் தளர்த்தி நூலை இறக்கியது. மாட்டிய மீனை மரியாதையாக ஏரிக்குள் திருப்பி அனுப்பிய ஒரே மீனவர் உலகத்திலேயே இவராகத்தான் இருக்கும். நான் பல்லைக் கடித்தேன்.

டிங், டிங், டிங்.

மூன்று பெல் கேட்டதும் மாமாவின் முகம் மாறியது. இரண்டு கையாலும் கழியைப் பிடித்து, சுருளை மெள்ள மெள்ளச் சுற்றினார். "வேகமா சார், வேகமா!" என்றார் மரம். மாமா காதில் வாங்கவில்லை. ஆள் நிறைந்த கேஜை ஆழத்திலிருந்து ஏற்றுகிறவரைப்போல, ஒரு குலுக்கல் இல்லாமல் ஏற்றினார். தண்ணீருக்கு மேலே மீனின் முதுகு தெரிந்தது, புள்ளிகள் தெரிந்தன. கரைக்கு ஒரு சாண். நூல் தொய்ந்தது. மீன் கொக்கியைத் துப்பிவிட்டு, அவசரமே இல்லாமல் திரும்பிப் போனது.

"இன்னா மாமா இது!" என்று நான்தான் முதலில் வெடித்தேன். "அப்படியே தூக்கிக் கரையில போட்டிருக்கலாமே!"

"மூணு பெல்லுக்கு எப்படிம்மா வேகமா ஏத்துறது?" என்றார். அவர் குரலில் சண்டை இல்லை. "தோத்துட்டேன்."

மாலா அக்கா பாறையிலிருந்து இறங்கி வந்தாள். "இல்லப்பா. நீ ஜெயிச்சிட்டே. மீன நான் பாத்தேன்."

"கைக்கு வரல."

"கரைக்கு வந்துச்சில்ல? நீ வீட்லயே இரு. நான் பேச மாட்டேன்."

"கைக்கு வரலம்மா! பந்தயம்னா பந்தயம். பெட்டி கட்டுறேன்."

"கட்டக் கூடாது!"

"கட்டுவேன்!"

ஆயுள் முழுவதும் பிடிக்காத மீனைப் பிடித்ததாகச் சொன்ன மனிதர், கிட்டத்தட்ட பிடித்த மீனைப் பிடிக்கவில்லை என்று ஏரியே அதிரக் கத்தினார். திரும்பும் வழியில் மைசூர் வரை இருவரும் கட்சி மாறிச் சண்டை போட்டார்கள். கடைசியில் அத்தை முன் இருக்கையிலிருந்து திரும்பினார்.

"மீனக் கேட்டீங்க, பந்தயத்தக் கேட்டீங்க. என்ன யாராவது கேட்டீங்களா? என் முட்டிக்கு லிஃப்ட் வோணும். நான் மாலா வீட்டுக்குப் போறேன். வரவங்க வரலாம்."

 கொஞ்ச தூரம் போன பிறகு மாமா, "சாப்பாடு யாரு போடுவா எனக்கு?" என்று முணுமுணுத்தார். அதுதான் சம்மதம்.

ஜூன் மாதம் லாரி வந்தது. பெட்டிகளைச் சரியாக ஏற்றவில்லை என்று மாமா எல்லோரையும் மூன்று முறை இறக்கி ஏற்ற வைத்தார். எங்கள் வரிசை முழுவதற்கும் அவரால் முதுகு பிடித்துக்கொண்டது. நான் அன்று லீவு போட்டிருந்தேன். "வீட்டிலிருந்து ஒருத்தர் ஊரைவிட்டுப் போகிறார், வழியனுப்ப வேண்டும்" என்று முந்தைய நாளே மேனேஜரிடம் கேட்டிருந்தேன்.

"ரொம்ப தூரமா போறார்?" என்று அவர் அக்கறையாகக் கேட்டார்.

"ஆமாம் சார், பெங்களூருக்கு" என்றேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததே பெங்களூரில்தான்.