மச்சான் காரில் ஒரு குடித்தனம்

பானெட்டைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஒரு எலி பல்செட்காரரை நிமிர்ந்து பார்த்தது. பயந்து ஓடவில்லை. கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்த ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாகத் திரும்பி பேட்டரிக்குப் பின்னால் இறங்கிப் போனது.

"ஐயோ!" பல்செட்காரர் கையை விட்டார். பானெட் டமாரென்று விழுந்தது.

சமையலறை ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. "என்னத்தைப் போட்டு உடைச்சீங்க?"

"ஒண்ணையும் உடைக்கல. உங்க அண்ணன் வண்டியில எலி குடித்தனம் பண்ணுது!"

"எலியா! அண்ணன் வியாழக்கிழமை வராரு!"

"அது எலிக்குத் தெரியுமா?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. நடுவில் மூன்றே நாள்.

அவர் பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தெருவில் எல்லாருக்கும் அவர் பல்செட்காரர்தான். வேலையில் மயிரிழை பிசகமாட்டார். ஆனால் மைத்துனர் முன்னால் நின்றால் மட்டும் நாக்குக் குழறும். மைத்துனர் அப்படி ஒரு ஆள். வாட்டசாட்டம், கனத்த குரல், எதற்கெடுத்தாலும் ஒரு அறிவுரை. ஆறு மாதத்துக்கு முன்னால் வெளியூர் வேலைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது, "வண்டி உங்க ஷெட்டுல இருக்கட்டும் மாப்ள. உங்களை மாதிரிப் பொறுப்பான ஆள் வேற யாரு?" என்று சாவியைக் கையில் வைத்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், தங்கைக்கு அப்புறம் மைத்துனர் அவரை நம்பி ஒப்படைத்தது இந்தக் கார் ஒன்றைத்தான்.

பல்செட்காரர் பூரித்துப் போனார். காருக்கு உறை வாங்கிப் போட்டார். தினமும் காலையில் அந்த உறையைத் தூசி தட்டினார். காரை மட்டும் தொடவேயில்லை. மச்சான் வருகிறாரே, ஒரு தடவை கிளப்பிப் பார்த்துவிடலாம் என்று இன்றைக்குத்தான் உறையை எடுத்தார்.

"ஷெட்டை ஒழுங்கா வெச்சுக்கோங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?" மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள். "பழைய அட்டைப்பெட்டி, பழைய செருப்பு, உடைஞ்ச நாற்காலி... எலி வராம என்ன செய்யும்?"

பல்செட்காரர் மறுபடி பானெட்டைத் தூக்கியிருந்தார். டார்ச் அடித்து ஒரு வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல்வரிசையில ரெண்டு, கீழ்வரிசையில ரெண்டு. கடி எவ்வளவு சுத்தம் பாரு. நான் செஞ்ச செட்டுல இதுவரைக்கும் யாருக்கும் இப்படி ஒரு கடி அமையல."

"வயரைக் கடிச்சிருக்குங்க!"

"அதைத்தாம்மா சொல்றேன்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மைத்துனர்தான்.

"மாப்ள, வண்டி எப்படி இருக்கு?"

"ராஜா மாதிரி இருக்கு மச்சான்."

"பானெட்டைத் திறந்து பாத்தீங்களா?"

பல்செட்காரருக்குக் குப்பென்று வியர்த்தது. "சேச்சே! நான் எதுக்கு மச்சான் திறக்கப்போறேன்? ஒரு விரல் படல."

"ஒரு தடவைகூடத் திறக்கலையா?"

"சத்தியமா இல்ல."

"ஆறு மாசமாவா?" மைத்துனரின் குரல் இறங்கிப் போயிருந்தது. "சரி... வியாழக்கிழமை வரேன்."

போனை வைத்துவிட்டுப் பல்செட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா? நான் தொடவே இல்லன்னு சொன்னதும் மனுஷன் அப்படியே நெகிழ்ந்து போயிட்டார். இந்த நம்பிக்கையைக் காப்பாத்தியே ஆகணும்!"

சட்டைக் கையை மடித்துவிட்டுக் களத்தில் இறங்கினார். ஷெட்டின் சுவரிலும் தரையிலும் மொத்தம் ஏழு ஓட்டைகள். சிமெண்ட் வாங்கக் கடைக்குப் போனால் நேரம் வீணாகும். பட்டறையில் பொய்ப்பல்லுக்கு ஈறு செய்கிற இளஞ்சிவப்புக் கலவை ஒரு டப்பா இருந்தது. கெட்டியாகிவிட்டால் கல்லைக் கடித்தாலும் உடையாது. ஏழு ஓட்டையையும் அதைக் கொண்டே அடைத்தார். வெறுமனே அடைத்தால் மனசு கேட்குமா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகும் ஏற்றினார். ஷெட் ஏழு இடத்தில் ஈறு காட்டிச் சிரித்தது.

"இனிமே ஒரு எறும்புகூட நுழையாது!" என்றார்.

திங்கட்கிழமை காலையில் கார் கதவைத் திறந்தார். பின்சீட்டில் வெடிகுண்டு போட்டாற்போலப் பள்ளம். பஞ்சு நாலாபக்கமும் பறந்து கிடந்தது.

மனைவி பள்ளத்தையும் பார்த்தாள், கணவனையும் பார்த்தாள். "நேத்து ஓட்டையை அடைச்சப்ப எலி எங்க இருந்துச்சு?"

"உள்ள."

"அப்ப யாரை வெளிய விட்டு அடைச்சீங்க?"

பல்செட்காரர் கொஞ்சம் யோசித்தார். "நம்மளை."

அடைத்ததைத் திரும்பத் தோண்டலாம் என்றால், அவர் சரக்கு அவருக்கே எதிரியாக நின்றது. உளி மழுங்கியது, சுத்தியல் பிடி கழன்றது, ஈறு அசையவில்லை.

"வாசனை!" என்று திடீரெனத் துள்ளினார். "எலிக்குக் காரமான வாசனை ஆகாது. நம்மகிட்டதான் கிராம்புத் தைலம் இருக்கே!"

பத்துச் சொட்டுப் போதும். ஆனால் பதற்றத்தில் இருக்கிறவன் எங்கே சொட்டு எண்ணுவான்? அரை லிட்டர் பாட்டிலையும் என்ஜின்மேல் கவிழ்த்துவிட்டு வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தார். எலிக்கு உண்மையிலேயே அந்த வாசனை ஆகவில்லைதான். என்ஜினைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு காருக்குள்ளே வந்துவிட்டது. ஸ்டியரிங் பக்கத்தில், ஏசி காற்று வருகிற கம்பிச் சந்து வழியாக ஒரு மீசை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் சின்னச்சின்னதாக இன்னும் சில மீசைகள்.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "என்னங்க இது, தெருமுனை வரைக்கும் பல் ஆஸ்பத்திரி வாசனை! எங்க அண்ணனுக்கு இந்த வாசனை பட்டாலே கண்ணு இருட்டிக்கிட்டு வரும், தெரியுமில்ல?"

"இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"முன்னாடி யாரு என்கிட்ட கேட்டாங்க? தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்."

இரும்புக்கடைக்குப் போய் எலி ஒட்டிக்கொள்கிற பசை அட்டை ஆறு வாங்கி வந்தாள். சீட்டுக்கு ஒன்று, காலடிக்கு ஒன்று என்று காருக்குள் பரப்பி வைத்தாள். எங்கெங்கே வைத்தாள் என்பதைப் புருஷனிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை. மீசை இன்னும் தெரிகிறதா என்று பார்க்கும் ஆவலில் பல்செட்காரர் டிரைவர் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார்.

எழ முடியவில்லை.

"என்னம்மா, இங்க வா! சீக்கிரம் வா!"

மனைவி வந்து ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். பேண்ட் அட்டையை விடவில்லை, அட்டை சீட்டை விடவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று மூச்சைப் பிடித்து இழுத்ததில் டர்ரென்று ஒரு சத்தம். பல்செட்காரர் வெளியே வந்தார். சீட் கவரும் கூடவே வந்தது.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பின்னால் வால் தொங்க அப்படியே போய்ப் பார்த்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். வாயில் ஒரு பல் கிடையாது.

"எங்கய்யா என் பய்யு?" என்றார். பல்லைத்தான் கேட்கிறார். "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஆண்டுவிழா. மேடையேறிப் பேசணும். திங்கட்கிழமை தரேன்னு சொன்னீங்களே?"

"பல்லு ரெடி சார். ஈறுதான் இல்ல."

"ஈறு எங்க போச்சு?"

பல்செட்காரர் தலையைக் குனிந்தபடி ஷெட் சுவரைக் காட்டினார்.

ஹெட்மாஸ்டர் கோபக்காரர்தான். ஆனால் நடந்ததையெல்லாம் கேட்டு முடித்தபோது அவருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. "அட, இதை முதல்லயே என்கிட்ட சொல்லக்கூடாதா? என் பூனையை அனுப்பி வைக்கிறேன். எனக்குத்தான் பய்யு இல்ல, அதுக்கு இருக்கு!"

புதன்கிழமை காலையில் பூனை வந்து சேர்ந்தது. கொழுத்த சாம்பல் நிறப் பூனை. மிச்சப் பசை அட்டைகளை எடுத்துவிட்டுக் காருக்குள் விட்டதும் ஒரு சுற்று மோந்து பார்த்தது. காலடியில் இருந்த சந்து வழியாக டாஷ்போர்டுக்குள் புகுந்தது. உள்ளே கடமுடவென்று ஒரே ரகளை. பல்செட்காரர் வெளியே நின்று, "பிடி! விடாதே! அப்படித்தான்!" என்று குதித்தார். மனைவியும் தன்னையறியாமல் கை தட்டினாள்.

சட்டென்று சத்தம் அடங்கியது. பிறகு பரிதாபமாக ஒரு "மியாவ்."

"என்ன ஆச்சு?"

"மாட்டிக்கிச்சுங்க."

மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பஞ்சு பறக்கிற பின்சீட்டு, கவர் இல்லாத முன்சீட்டு, கிராம்பு வாசனை, டாஷ்போர்டுக்குள்ளிருந்து பூனைக் குரல்.

"சார், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையைக் கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்."

"நாளைக்கு என் மச்சான் வராரு. அதுக்குள்ள சரியாயிடுமா?"

"ஆகும். ஆனா பிரிச்சுத்தான் ஆகணும்."

ஸ்டியரிங் வந்தது. சீட்டுகள் வந்தன. டாஷ்போர்டு துண்டுதுண்டாக வந்தது. மெக்கானிக் ஒவ்வொன்றையும் கழற்றிக் கொடுக்க, பல்செட்காரர் அதைத் தரையில் வரிசையாக அடுக்கினார். பக்கத்தில் பல்பொடி டப்பா மூடியில் ஸ்க்ரூ எல்லாம். பதினொரு மணிக்கு ஷெட் முழுக்கக் காராக இருந்தது. கார் இருந்த இடத்தில் மட்டும் கார் இல்லை.

கடைசித் தகட்டைக் கழற்றும்போது பூனை தானாகவே இன்னொரு பக்கம் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்குப் போய்விட்டது.

"சார்," என்றார் மெக்கானிக் ரகசியமாக. "எல்லாம் இங்கதான் இருக்கு."

சீட்டுப் பஞ்சில் கட்டின வட்டக் கூடு. பெரியது ஒன்று, நடுத்தரமாக நாலு. ஐந்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தன.

"கதவைத் திறம்மா!" பல்செட்காரர் துடைப்பத்தைச் சுழற்றினார். "வாசக்கதவையும் சேத்துத் திற! போ! போ! போ!"

மெக்கானிக் தகட்டைத் தட்டினார். மனைவி ஷெட் கதவை விரியத் திறந்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். பெரியது முன்னால் பாய, நாலும் பின்னால் பாய, ஷெட்டைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வாசற்கதவைத் தாண்டி...

"ஆ!" என்று வாசலில் ஒரு கனத்த குரல் அலறியது.

டாக்சியிலிருந்து அப்போதுதான் இறங்கிய மைத்துனர், ஒரே தாவில் தன் பெட்டிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். ஐந்து எலியும் அவர் காலுக்குக் கீழே புகுந்து, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் இருந்த காலிமனைப் புதருக்குள் மறைந்தன.

"அண்ணா! நாளைக்குத்தானே வரேன்னு சொன்னீங்க?"

"வேலை ஒரு நாள் முன்னாடியே முடிஞ்சிடுச்சு," என்றார் மைத்துனர், பெட்டியிலிருந்து இறங்காமலே. மெல்ல அவர் பார்வை ஷெட்டுப் பக்கம் திரும்பியது. தரையில் கிடந்த ஸ்டியரிங்கைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார்.

பல்செட்காரர் துடைப்பத்தைக் கீழே போட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மச்சான், என்னை மன்னிச்சிடுங்க. தப்பு முழுக்க என்னோடதுதான். நம்பி ஒப்படைச்சீங்க. எங்க ஷெட்டு எலி உங்க வண்டியை நாசம் பண்ணிடுச்சு. நாலு நாளா ராப்பகலா இதே நினைப்புதான். பாருங்க, ஒண்ணுகூட விடாம விரட்டிட்டேன். வண்டியைப் புதுசு மாதிரி ஆக்கித் தரது என் பொறுப்பு. புது சீட்டு, புது கவர், புது வயர், எல்லாமே."

மைத்துனர் பெட்டியிலிருந்து இறங்கினார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். கனத்த குரல் திரும்ப வந்துவிட்டது.

"மாப்ள, என் உயிரையே உங்ககிட்ட விட்டுட்டுப் போனேன்."

"தெரியும் மச்சான்."

"வண்டி வெச்சிருக்கிற இடம்னா சுத்தமா இருக்கணும். குப்பை சேரக்கூடாது. எலி எப்படி வரும்? நாம இடம் கொடுக்கிறதாலதான் வரும்."

"உண்மைதான் மச்சான்."

"அண்ணன் சொல்றது சரிதாங்க," என்றாள் மனைவி. "நான் எத்தனை தடவை சொன்னேன்!"

"சரி, போகட்டும்," மைத்துனர் பெரிய மனசோடு அவர் தோளில் கை வைத்தார். "சொந்தத்துக்குள்ள என்ன கணக்கு? மன்னிச்சிட்டேன். புது சீட்டுன்னு சொன்னீங்களே, அது கறுப்பு கலரா இருந்தா நல்லா இருக்கும்."

பல்செட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனிதர் மைத்துனராக வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மெக்கானிக்கும்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அதற்குள் டாக்சியின் மறுபக்கக் கதவு திறந்து, மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். எலிகள் ஓடி மறைந்த புதரைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அஞ்சும் போயிடுச்சா மாப்பிள்ளை? அடேயப்பா! எங்க வீட்டுல ஒரு வருஷமா என்னென்னவோ பண்ணிப் பாத்தும் வண்டியை விட்டு இறங்க மாட்டேன்னுச்சுங்க. 'அப்படியே கொண்டுபோய் மாப்பிள்ளை ஷெட்டுல விட்டுட்டுப் போயிடலாம்மா, அவர் எப்படியும் விரட்டிடுவாரு'ன்னு இவன் சொன்னப்ப, நான்தான் நம்பல!"