ஒத்தை ஸ்பிரிங், ரெட்டை ஸ்பிரிங்

“சரி, ஒத்தை ஸ்பிரிங்கையே குடுத்துடுங்க” என்று அவர் சொன்னதும் சைக்கிள் கடைக்காரரின் முகம் வாடிப்போனது.

பொருளை வாங்கிக்கொள்கிறேன் என்றால் முகம் வாடுகிற வியாபாரியை நம்மவர் அதுவரை பார்த்ததில்லை. அதனாலேயே கடைக்காரர் மேல் அவருக்கு மதிப்பு கூடியது.

“நல்ல முடிவு சார்” என்றார் கடைக்காரர். பிறகு ஹேண்டில்பாரில் இல்லாத தூசியைத் துடைத்தபடி, “உங்க இடுப்பு எப்படி?” என்றார்.

“இடுப்பா? நல்லாத்தான் இருக்கு.”

“இப்ப நல்லாத்தான் இருக்கும்.”

நம்மவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவு அதிகாரி. அலுவலகத்தில் அவருக்கு ‘மறுபரிசீலனை’ என்று பெயர். அவர் மேசைக்குப் போன கோப்பு நேராகத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒருவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று இழப்பீடு கேட்டார். ஒழுகியது மழையா, குழாயா, எந்தப் பக்கத்துக் காற்று என்று இவர் விளக்கம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி விளக்கம் வந்து சேர்வதற்குள் கூரையே இறங்கிவிட்டது. “இப்ப இது ஒழுகல் இல்ல, இடிபாடு. புதுசா எழுதிக் குடுங்க” என்று கோப்பை மூடினார். அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

வீட்டிலும் அதே பரிசீலனைதான். துணி துவைக்கும் இயந்திரம் வாங்கலாம் என்று மனைவி சொன்னபோது, துணியை மேலே போடுவதா முன்னால் போடுவதா என்று ஆராயத் தொடங்கினார். மகள் பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். அவள் சீருடையை மனைவி கையால்தான் துவைத்தாள்.

இப்போது மலைச் சைக்கிள். மகள் ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்திருந்தாள். ஊருக்கு வெளியே உள்ள மலைப்பாதையில் மாதக் கடைசி ஞாயிறு பெரிய ஓட்டம். பயிற்சியாளர் கண்டிப்பானவர். வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் கூடவே ஓட்டி வந்தால்தான் பிள்ளைகளை மேலே விடுவார். இல்லாவிட்டால் அடிவாரத்தில் நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம்.

“நான் வர்றேண்டா கண்ணு. அப்பா காலேஜுக்கு சைக்கிள்லதான் போனேன்” என்று வாக்குக் கொடுத்தது இவர்தான். மகள் அன்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாளே தனக்கு ஒரு வண்டி வாங்கக் கடைக்குப் போனார். அங்கேதான் வினை. மலைச் சைக்கிளில் இரண்டு வகை இருந்தன. ஒன்று ஹார்ட்டெயில். முன்சக்கரத்தில் மட்டும் குலுக்கம் தாங்கும் ஸ்பிரிங். பின்னால் வெறும் கம்பி. இன்னொன்று ஃபுல் சஸ்பென்ஷன். பின்னாலும் ஒரு ஸ்பிரிங் உண்டு, ஆனால் ரொம்ப ஆடாது, கொஞ்சம்தான் அமுங்கும். மகள் இவற்றுக்கு ஒத்தை ஸ்பிரிங், ரெட்டை ஸ்பிரிங் என்று பெயர் வைத்தாள்.

“கொஞ்சமா அமுங்குற ஸ்பிரிங் எதுக்கு? அமுங்கினா நல்லா அமுங்கணும். இல்லன்னா அமுங்கவே கூடாது” என்று இவர் கடையில் வாதம் செய்தார்.

“நல்ல கேள்வி சார்” என்று கடைக்காரர் முக்காலியை எடுத்துப் போட்டார். மறுநாள் போனபோது முக்காலி போய் நாற்காலி வந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் நாற்காலிக்கு மெத்தை. டீயும் வந்தது. அலுவலகம் விட்டால் கடை, கடையில் விளக்கு அணைத்தால் வீடு என்றாகிவிட்டது. மூலையில் ஒரு மெக்கானிக், சக்கரக் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டபடி, வாய் திறக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஆற அமர யோசித்து எடுத்த முடிவைத்தான் கடைக்காரர் இடுப்பைப் பற்றிக் கேட்டுக் கலைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். “இவனல்லவா வியாபாரி. விக்கிறதை விட என் இடுப்புல அக்கறை.”

“ஆமாங்க. இந்தக் காலத்துல அப்படி ஒரு மனுஷன் கிடைக்கிறது கஷ்டம்.”

“அப்ப என்ன பண்ணலாம்ங்கற?”

“அவசரப்படாதீங்க. நல்லா யோசிச்சு வாங்குங்க. தினமும் போய் உக்காந்து பாருங்க.”

நம்மவர் நெகிழ்ந்துபோனார். துணி இயந்திர விஷயத்தில் இதே வாயால் அவள் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. பெண்களுக்கு விவேகம் தாமதமாகத்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டார். அவள் முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. கேட்டதற்கு மாடிப்படியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். கைப்பிடிக் கம்பியின் அவசியம் பற்றிச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவளுக்கு விளக்கினார்.

இடுப்புச் சந்தேகத்தைத் தீர்க்க அவருக்கு ஒரு வழி தோன்றியது. சோதனை. அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிற பலகை வண்டி ஒன்று இருந்தது. ஸ்பிரிங் கிடையாது. ஆகவே அது ஒத்தை. அவருடைய சுழல் நாற்காலி உட்கார்ந்தால் கொஞ்சம் அமுங்கும். ஆகவே அது ரெட்டை. சாப்பாட்டு வேளையில் உதவியாளரைக் கூப்பிட்டார்.

“நான் உக்காந்துக்கறேன். நீங்க பதிவறைச் சரிவு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போங்க.”

“எதுக்கு சார்?”

“எது இடுப்புல இடிக்குதுன்னு பாக்கணும்.”

உதவியாளருக்கு எத்தனையோ முறை அவரைத் தள்ளிவிடத் தோன்றியிருக்கிறது. உத்தரவாகவே கிடைத்ததும் மனிதர் குஷியாகிவிட்டார். பலகை வண்டி ஓட்டம் நல்லபடி முடிந்தது. நாற்காலி ஓட்டத்தில்தான் அவர் தன் முழுப் பலத்தையும் காட்டினார். சரிவில் நாற்காலி கையை விட்டுப் போனது. எதிரே லிஃப்ட் திறந்தது. உள்ளே மேலாளரும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இருவரும். நாற்காலி அவர்களோடு சேர்ந்து லிஃப்டுக்குள் அடங்கியது.

கதவு மறுபடியும் திறந்தபோது, “என்னய்யா இது?” என்று கேட்டார் மேலாளர், தரையிலிருந்து.

“சஸ்பென்ஷன் சோதனை சார்.”

“சோதனை எதுக்கு, நேராவே தர்றேன்” என்றார் மேலாளர். தலைமை அலுவலகத்து ஆட்கள் நடுவே வந்து எச்சரிக்கையோடு விடவைத்தார்கள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, சரியாக இருந்த இடுப்பு இப்போது நிஜமாகவே பிடித்துக்கொண்டது. மருத்துவர் அழுத்திப் பார்த்து, “சைக்கிள் ஓட்டலாம். அதிகம் குலுங்காம பாத்துக்குங்க” என்றார். நம்மவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெளிவு பிறந்துவிட்டது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனார்.

“ரெட்டையே குடுங்க. டாக்டரே சொல்லிட்டாரு.”

கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். “அருமையான முடிவு சார். இறக்கத்துல ராஜா மாதிரி வருவீங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏத்தத்துலதான்…” என்று நிறுத்தினார்.

“ஏத்தத்துல என்ன?”

“நீங்க மிதிக்கிறதுல பாதியை அந்தப் பின் ஸ்பிரிங் தின்னுடும். உங்களுக்கு முன்னாடி பாப்பா போய்க்கிட்டே இருப்பா. நீங்க பின்னாடி அமுங்கி அமுங்கி எழுந்துக்கிட்டிருப்பீங்க. அதுக்காக வாங்காதீங்கன்னு சொல்லல. டீ சொல்லவா?”

டீ வந்தது. மறுபரிசீலனை மதில்மேல் பூனையானார்.

இதற்கிடையில் கடைக்கு வருகிறவர்கள் அவரைக் கடையின் ஆலோசகர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. ஒரு பல் மருத்துவர் ‘எது நல்லது’ என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். நம்மவர் மலைப்பாதையில் கிடக்கும் கற்களின் வகையிலிருந்து ஆரம்பித்தார். ஊர்ப்பட்ட பேரை வாய் திறந்தபடி உட்காரவைத்த அந்த மனிதருக்குத் தானே அப்படி உட்காரும் நாள் அன்றுதான் வாய்த்தது. சற்று நேரத்தில் கைக்கு எட்டிய வண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

“ஆழம் தெரியாம காலை விடுறாங்க” என்று நம்மவர் அவருக்காக வருத்தப்பட்டார்.

“எல்லாரும் உங்களை மாதிரி ஆயிட முடியுமா சார்” என்றார் கடைக்காரர். மூலையில் மெக்கானிக்குக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ஒருநாள் நம்மவர் இரண்டு வண்டியையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்றார். கடைக்காரர் பதறிவிட்டார்.

“வீட்டுக்கெல்லாம் எதுக்கு சார்? அம்மாவுக்குத் தொந்தரவு. சாயந்திரம் ஆனா இந்தக் கடையே உங்களுதுதான். இங்கயே பாருங்க.”

இப்படி ஒரு மரியாதை அவருக்குச் சொந்தக்காரர்கள் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

மாதக் கடைசி நெருங்கியது. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதுதான் ஒன்று அவருக்கு உறைத்தது. மகள் சைக்கிளைப் பற்றிக் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது. முதலில் தினமும் கேட்டாள். அப்புறம் என்றைக்காவது கேட்டாள். இப்போது ஒன்றும் இல்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. இப்போதெல்லாம் அம்மாவும் மகளும் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள் என்பதையும் கவனித்தார்.

“என்னடா கண்ணு, சைக்கிளைப் பத்திக் கேக்கவே மாட்டேங்கற?”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா குழம்புப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

“பரவால்லப்பா. நீங்க மெதுவாவே பாருங்க.”

“ஞாயித்துக்கிழமை ஓட்டம் இருக்கே?”

“இருக்கு. அதனால என்ன.”

இதற்கு அவள் அழுதிருக்கலாம். கோபித்திருக்கலாம். ‘அதனால என்ன’ என்றது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தன்னிடம் எதையும் கேட்டுப் பயனில்லை என்று பிள்ளை முடிவு கட்டிவிட்டாள். அந்தக் கூரைக்காரர் கடைசியாக வந்தபோது அவர் முகமும் இப்படித்தான் இருந்தது. அவரும் கோபப்படவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனார். மகள் அடிவாரத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்பதும், அவளைத் தாண்டி மற்ற பிள்ளைகள் தங்கள் அப்பாக்களோடு மேலே போவதும் கண்ணுக்குள் வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுப் பழக்கமில்லாததால் முதலில் அது இடுப்புவலி என்றுதான் நினைத்தார்.

சனிக்கிழமை, வாழ்க்கையில் முதல்முறையாக, மேசையில் இருந்த கோப்புகளை எல்லாம் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். உதவியாளர் ஓடிவந்து, “சார், உடம்புக்கு ஏதாவது…” என்றார். அதற்குள் இவர் கிளம்பிவிட்டார். வழக்கமாகக் கடைக்குப் போகிற நேரத்துக்கு வெகு முன்பே கடை வாசலில் நின்றார்.

கடைக்காரர் இல்லை. உதிரிபாகம் வாங்கப் போயிருந்தார். மெக்கானிக் மட்டும் ஒரு சக்கரத்துக்குள்ளிருந்து தலையை எடுத்தார்.

“ஒத்தை ஸ்பிரிங்கைக் கட்டுங்க. உடனே எடுத்துக்கிட்டுப் போறேன்.”

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்தார். “முதலாளி வந்துடட்டும் சார். உக்காருங்க.”

“உக்காந்தது போதும். கட்டுங்க.”

“உங்க இடுப்பு…”

“என் இடுப்பு எப்படியோ போகட்டும். என் பொண்ணு நாளைக்கு மேல போகணும்.”

மெக்கானிக் திணறினார். வண்டியில் எந்தக் கோளாறையும் சரிசெய்யத் தெரிந்த மனிதருக்கு, வாங்க வந்தவர் மனத்தில் கோளாறு உண்டாக்கும் வித்தை தெரியவில்லை.

“நிறம்… நிறம் யோசிச்சீங்களா சார்? கறுப்பா, பச்சையா?”

“எது கைக்கு வருதோ அது.”

“சீட்டு?”

“இருந்தா சரி.”

“அப்ப… பெல்லு?” என்றார் மெக்கானிக். அதோடு அவர் சரக்குத் தீர்ந்துவிட்டது. கைபேசியை எடுத்து முதலாளியை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது.

நம்மவர் கண்கள் கலங்கியிருந்தன. இத்தனை நாளும் இத்தனை சுலபமாக இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. வாயைத் திறந்து ஒரு வண்டியின் பெயரைச் சொன்னார், முடிந்துவிட்டது. இதைச் சொல்ல ஒரு மாதமா? வீட்டுக்குப் போய் இந்த முறை மகளின் கழுத்தைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

“நீங்க கட்டி வைங்க. நான் வீட்டுக்குப் போய் என் பொண்ணையும் அவ அம்மாவையும் இப்பவே கூட்டிக்கிட்டு வர்றேன்” என்று படியிறங்கினார்.

மெக்கானிக் ஓடிவந்து வழியை மறித்துக்கொண்டார்.

“வேண்டாம் சார், இப்ப வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க. உங்க வீட்டம்மா போன மாசமே வந்து வாசல்ல முன்னால நின்ன வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. தினமும் அவங்களும் பாப்பாவும் மலையை விட்டு இறங்கி வர்ற வரைக்கும் உங்களை முடிவெடுக்க விடாம இங்கயே உக்காரவெச்சிருக்கணும்கறது மட்டும்தான் அவங்க கேட்ட தள்ளுபடி.”