அண்டம் பற்றி அத்திம்பேருக்கு ஒரு மன்னிப்பு

ஸ்ரீரங்கம்,
துவாதசி, பாரணை முடிந்து.

எடமலைப்பட்டி புதூரில் எழுந்தருளியிருக்கும் அத்திம்பேர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஸ்ரீ உ.வே. கோவர்தன் ஸ்வாமிக்கு, மச்சினன் சௌரிராஜன் தெண்டன் சமர்ப்பித்து விண்ணப்பம். இங்கு க்ஷேமம். அதாவது, டாக்டர்கள் எடுத்தது போக மிச்சமிருப்பதெல்லாம் க்ஷேமம். அங்குள்ள க்ஷேமத்தை அக்கா அரவிந்தவல்லி போனில் சொல்லிவிட்டாள். தேவரீருக்கு பிரஷர் ஏறியிருக்கிறதாம், காரணம் அடியேனாம், எழுத்தில் மன்னிப்பு கேட்கும்வரை உங்காத்துப் படி ஏறக் கூடாதாம். வாட்ஸ்அப்பில் கேட்டால் செல்லாதாம், காகிதத்தில் பேனாவால் எழுத வேண்டுமாம். நாற்பது வயசில் இம்போசிஷன். எழுதுகிறேன்.

குற்றம் இன்னதென்று முதலில் எழுத வேண்டும் என்பது உங்கள் ஸ்கூல் வழக்கம். நாலு வருஷம் முன்பு அடியேனுக்கு விரையில் புற்றுநோய் வந்தது. ஒன்றை எடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள், பிழைத்தேன். வந்ததும் குற்றமில்லை, பிழைத்ததும் குற்றமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உத்தர வீதி ஹாலில் மைக் வைத்து அதைச் சொன்னேன் பாருங்கள், அதுதான் குற்றம். உங்கள் பிள்ளை கேஷவின் ஜாதகத்தை லால்குடிப் பெண்ணாத்துக்காரர்கள் வாங்கிப் போயிருந்த சமயம். மறுநாளிலிருந்து அவர்கள் போனை எடுப்பதில்லை. மாமனுக்கு ஒன்று குறைவென்றால் மருமானுக்கும் குறையுமோ என்று பயந்திருப்பார்கள். என்ன கணக்கோ இது, கணக்கு வாத்தியாரான நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் இந்தக் கதை ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கவில்லை. அடியேனுக்கு முதலில் கட்டி தட்டுப்பட்டபோது துணைக்கு வந்தவர் யார்? நீங்கள்தான், சாத்துக்குடிப் பையோடு. டாக்டர் என்னைப் பார்த்துத்தான் "என்ன பிரச்சனை?" என்று கேட்டார். அடியேன் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு "ஹெர்னியா சார்" என்றீர்கள். அவரும் பாவம், இருமு என்றார், இருமினேன், இன்னும் இருமு என்றார், இன்னும் இருமினேன், ஹெர்னியா மாதிரித் தெரியலையே, எதற்கும் ஒரு மாசம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார். கட்டியோ வலிக்கவே வலிக்காது. அதுதான் அதனுடைய சாமர்த்தியம். ஒரு மாசம் அது வளர்ந்தது, அடியேன் இருமிக்கொண்டிருந்தேன். அப்புறம் வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர், வெட்கப்பட நேரமில்லாதவள், தொட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தாள். தழும்பும் தொடை இடுக்குக்கு மேலே, ஹெர்னியாவுக்குப் போடுகிற அதே இடத்தில் விழுந்ததா, உங்களுக்கு ரொம்ப சௌகரியமாகப் போய்விட்டது. ஊர் முழுக்க ஹெர்னியா, ஹெர்னியா, ஹெர்னியா. தலைமுடி கொட்டினதற்குக்கூட "ஹெர்னியாவுக்கு ஸ்ட்ராங் மாத்திரை" என்று ஹம்ஸா மாமியிடம் சொன்னீர்களே, அந்த மாமியும் நம்பினாளே, அதைத்தான் இன்னமும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சரி, பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்பீர்கள். முசிறியில் மாதவன் என்று ஒருத்தர், வாழைக்காய் வியாபாரி, என்னை விடச் சின்னவர். அவருக்கு வீங்கினபோது சூடு என்று இளநீர் கொடுத்தார்கள், வெந்தயம் கொடுத்தார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். அது அடங்கவில்லை என்றதும் தார் தூக்கினதில் குடல் இறங்கிவிட்டது என்று முடிவு பண்ணினார்கள். அப்போதுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஸ்ரீரங்கத்தில் ஹெர்னியா சௌரி என்று ஒருத்தர் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு ஜம்மென்று இருக்கார், ஒண்ணும் அவசரமில்லை என்று. அவரும் அவசரப்படவில்லை. காய் வெட்டு முடியட்டும் என்று இருந்துவிட்டு ஒரு நாள் முசிறி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் ஆத்து வாசலில் வந்து நிற்கிறார். "சாமி, எனக்கும் உங்க ஹெர்னியாதாங்க. எந்த டாக்டர்ட்ட காட்டினீங்க?" நான் அவரை உள்ளே உட்கார வைத்து நிஜத்தைச் சொன்னேன். அவர், "இத முன்னாடியே ஊர்ல சொல்லிருக்கலாம்லங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நுரையீரல் வரைக்கும் போயிருந்தது அத்திம்பேர். இப்போது கீமோவுக்கு வருகிறபோதெல்லாம் நான்தான் கூடப் போய் உட்காருகிறேன். வாந்தி எடுக்கும்போது முதுகைத் தடவிக் கொடுப்பேன். வேற எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அந்த நாற்காலில ஒருத்தன் ஏற்கெனவே உக்காந்துட்டு எழுந்து வந்திருக்கான்னு தெரிஞ்சா, அடுத்தவனுக்கு அது போறும்.

அவருக்காகத்தான் கூட்டமே போட்டது. நோட்டீஸில் "விரைப் புற்றுநோய்: வெட்கப்படாமல் பேசுவோம்" என்று எழுதினேன். ஹால்காரர் கையால் தொட மாட்டேன் என்றார். அப்போது "அண்டம்னு போடு, சம்ஸ்கிருதத்துல அதுக்கும் அதான் பேரு, கௌரவமா இருக்கும்" என்று அக்காவிடம் சொல்லியனுப்பினது யார்? தேவரீர். அந்த வார்த்தை உங்கள் பிரசாதம், அதையும் மன்னிப்பில் சேர்த்துக்கொள்கிறேன். "அண்டமும் அதைக் காக்கும் வழியும்" என்று நோட்டீஸ் ஒட்டினேன். ஒட்டினேனா, ஹால் நிரம்பி வழிந்தது! முன் வரிசையில் ஹம்ஸா மாமி துளசி மாலையோடு உட்கார்ந்திருக்கிறாள், உபன்யாசகருக்குப் போடுவதற்கு. ஒரு மாமா "அண்டகடாஹத்திலேர்ந்து ஆரம்பிப்பேளா, நேரே சிருஷ்டிக்குப் போயிடுவேளா?" என்று கேட்கிறார். எப்படியோ சமாளித்து, "அண்டம் என்பது இரண்டு" என்றேன். பலபேர் தலையாட்டினார்கள். "ஒன்று போனாலும் இன்னொன்று காரியத்தைப் பார்த்துக்கொள்ளும்" என்றேன். "ஆஹா, பிரளய தத்துவம்!" என்றது ஒரு குரல். "அடியேனுக்கு இப்போது ஒன்றுதான்" என்றேன். அவ்வளவுதான், அந்த மாமா எழுந்துவிட்டார். "ஒன்றுதான்னா அது அத்வைதம். ராமானுஜர் ஊர்ல வந்து அதைப் பேசப்படாது!"

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. மைக்கைக் கையில் எடுத்து, அந்த வார்த்தையைத் தமிழில், மூன்று வீதிக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். புற்றுநோயையும் சேர்த்துச் சொன்னேன். ஹால்காரர் ஓடிப்போய் மைக்கை அணைத்தார். ஹம்ஸா மாமி காதைப் பொத்திக்கொண்டு மாலையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பெருமாள் புறப்பாடு மாதிரி ஹாலே எழுந்து போயிற்று. மாதவன் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு, "பரவால்லங்க சாமி, எங்க மண்டியில ஏலம் எடுக்கக்கூட இத்தன பேரு வந்ததில்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போனா ஊரே தூக்கறதுக்கு வரும், சாகாம இருக்க ஒரு வார்த்தை சொன்னா எழுந்து ஓடும். என்ன ஊர் அத்திம்பேர் இது? என்ன ஜனங்கள்?

காலியான ஹாலில் கடைசி வரிசையில் கேஷவ் மட்டும் உட்கார்ந்திருந்தான். நான் கிட்டே போனதும் எழுந்து, செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வெறுங்காலோடு போய்விட்டான். அவனுக்கும் மாமனால் அவமானம் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் உங்கள் கோபத்தை விட அதிகமாக உறைத்தது. நான் தூக்கி வளர்த்த குழந்தை. அவன் செருப்பு இங்கே பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லவும்.

ஆகையால் தோற்றுவிட்டேன். அக்காவும் கேஷவும் இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள்? தேவரீர் கேட்டபடியே எழுதித் தருகிறேன். இனிமேல் அந்த வார்த்தையை எந்த பாஷையிலும் சொல்ல மாட்டேன். கூட்டம் போட மாட்டேன். மாதவனுக்கு அப்புறம் யாரோடும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன். யார் கேட்டாலும், லால்குடிக்காரர்களே நேரில் வந்து கேட்டாலும், எனக்கு வந்தது ஹெர்னியா, ஹெர்னியா தவிர வேறில்லை. சிவப்பு மையால் திருத்தி அனுப்பினால் மறுபடி நன்றாக எழுதித் தருகிறேன். அக்காவுக்கு என் நமஸ்காரம். கேஷவுக்கு அனேக ஆசீர்வாதம், சீக்கிரமே அவன் கல்யாணம் நடக்க நம்பெருமாள் அனுக்கிரகிக்கட்டும்.

இப்படிக்கு,
திருத்தப்பட்ட மச்சினன்,
அடியேன் சௌரிராஜன்

பி.கு.: கவரை ஒட்டுகிற நேரத்தில் கேஷவ் வந்தான், செருப்பை வாங்கிக்கொண்டு போக. மாட்டிக்கொண்டான், கழற்றினான், மறுபடி மாட்டிக்கொண்டான். கடைசியில், "மாமா, அண்டத்தைப் பத்தி ஒரு டவுட்" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "கட்டி மாதிரி இருக்கு. வலி இல்ல மாமா. வலி இல்லைன்னா பரவாயில்லதானே?" தீபாவளிக்கு முன்னாலிருந்தே இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்கத்தான் வந்தானாம். அப்பாகிட்ட ஏண்டா சொல்லலை என்றேன். "அப்பா ஹெர்னியாம்பார்" என்றான்.

உங்களுக்கு எழுதச் சொன்னவன் அவனேதான், வாயால் சொல்ல வரவில்லையாம். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். மேலே எழுதிக் கொடுத்ததெல்லாம் ரத்து. நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன், இந்தக் கடிதத்தை ஆட்டோவில் கொடுத்து அனுப்புகிறேன். நீங்களும் வாங்கோ அத்திம்பேர். சாத்துக்குடி வேண்டாம். டாக்டர் என்ன பிரச்சனை என்று கேட்பார். குழந்தை வாயைத் திறக்கட்டும், நீங்க முந்திக்காதேள்.