தானாகவே மலை சுற்றிய வண்டி

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
3-8-2004

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை இளஞ்செழியன் அவர்களுக்கு,

மாமனார் அப்பாசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை ஜோதியம்மாளும் அண்ணாமலையார் தயவில் சௌக்கியம், அத்தையின் இரண்டு முழங்கால்கள் நீங்கலாக. பெங்களூரில் தாங்களும் மகள் மதிவதனியும் நலமாக இருப்பீர்கள். இதை ஞாயிற்றுக்கிழமையே போனில் சொல்ல ஆரம்பித்தேன். மதிவதனி சிரித்த சிரிப்பில் பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீசில் கோப்பு எழுதியவன் என்பதால் எழுத்து மூலமாகவே தெரிவித்துக்கொள்கிறேன்: தங்கள் நாலு சக்கர வண்டியை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடவும்.

தங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பிளாட்டில் நிறுத்த இடமில்லை, மாமா வீட்டு போர்ட்டிகோ சும்மாதானே கிடக்கிறது என்று பொங்கலுக்கு லாரியில் ஏற்றி வந்து இறக்கினீர்கள். இதற்குப் பெயர் ஏ.டி.வி., காடு மேடெல்லாம் ஏறும் என்றீர்கள். சரி. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கியரில்லாத ஸ்கூட்டர் எஞ்சினை மாட்டியிருக்கிறேன், ஆக்சிலேட்டரைத் திருகினால் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வையுங்கள் மாமா என்றீர்கள். அதற்கும் சரி. ஆறு மாசம் ஸ்டார்ட் பண்ணினேன். திருகினால் கத்தும், விட்டால் செத்துவிடும். புகை தெருமுனை வரைக்கும் போகும். பக்கத்து வீட்டு ராஜேந்திரன், "என்னா சார், வாராவாரம் கொசு மருந்து அடிக்கிறீங்க, எங்க வீட்டுப் பக்கமும் கொஞ்சம் அடிங்க"ன்னு கிண்டல் பண்ண ஆரம்பிச்சுட்டாரு. அவர்தான் மெக்கானிக் சகாதேவனையும் சொன்னார். அவர் மச்சான் டிராக்டரில் கட்டி இழுத்து, செங்கம் ரோட்டில் இருக்கிற பட்டறையில் கொண்டுபோய் விட்டோம்.

சகாதேவன் கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் இருபது வருஷமாக ரிப்பேர் பார்த்ததெல்லாம் கிணற்று மேட்டு ஆயில் எஞ்சின் என்பதை ராஜேந்திரன் என்னிடம் சொல்லவில்லை. "சார், எஞ்சின்னா என்னா? ஸ்டார்ட் பண்ணிட்டு நீ வீட்டுக்குப் போயி சாப்ட்டுத் தூங்கி எழுந்து வந்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கணும்! ஆள் எதுக்கு?" என்றான். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கார்புரேட்டரைக் கழுவி, ஆக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சின் சாகாமல் ஓட வைக்கிற ஐடில் ஸ்க்ரூவை உள்ளே முறுக்கு முறுக்கென்று முறுக்கிவிட்டான். எஞ்சின் சாகவே இல்லை. அதோடு விட்டானா? "கிளட்ச் ஸ்பிரிங் ரொம்ப ஜாஸ்தி டைட்டு சார், பாவம் எஞ்சின் திணறுது"ன்னு அதையும் கழட்டிட்டு லேசான ஸ்பிரிங்கா போட்டுட்டான். இனி ஆக்சிலேட்டரைத் திருகாமலே கிளட்ச் போய்ப் பிடித்துக்கொள்ளும் என்பது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பம்புசெட் எங்கேயாவது நடந்து போகுமா?

இங்கே உங்கள் அத்தை விஷயம் ஒன்று சொல்லவேண்டும். மதிவதனிக்கு நல்ல இடம் அமைந்தால் ஒன்பது பௌர்ணமி கிரிவலம் வருகிறேன் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். நல்ல இடம் என்று அமைந்தது தாங்கள்தான். அதைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. ஏழு பௌர்ணமி பதினாலு கிலோமீட்டரும் வெறுங்காலோடு நடந்தாள். அப்புறம் முழங்கால் போய்விட்டது. நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூணு வருஷமாக ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மொட்டை மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து, "இன்னும் ரெண்டு பாக்கிப்பா, என்னை மறந்துடாதே"ன்னு அழுவாள். ஆட்டோவில் போய் வரலாம் என்றால், "வேண்டிக்கிட்டது சவாரி போறேன்னா?" என்று என் மேல் பாய்வாள்.

போன சனிக்கிழமை பௌர்ணமி. வண்டி ரெடி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றான் சகாதேவன். காலையிலேயே ஆட்டோவில் போய்விட்டோம். அவன் ஊதுவத்தி தேடி முடிக்கவே மதியம் மூணு ஆகிவிட்டது. உங்கள் அத்தைக்கு நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். பூசையாச்சே என்று நானும் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்தேன். கற்பூரம் காட்டினான், ஸ்டார்ட் பண்ணினேன். ஆக்சிலேட்டரைத் தொட்டேனா? சத்தியமாகத் தொடவில்லை மாப்பிள்ளை! எலுமிச்சம்பழம் நாலும் பச்சுனு நசுங்குச்சு, வண்டி பாட்டுக்கு ரோட்டுல இறங்கிடுச்சு. ரோடு பூரா ஜனம். எல்லாரும் மலை சுத்தப் போறாங்க. பின்னாலேர்ந்து சகாதேவன் கத்துறான்: "பாத்தீங்களா சார், ஆளே இல்லாம ஓடுது!" ஆளுங்க ரெண்டு பேரு மேல உக்காந்திருக்கோம், படுபாவி.

பிரேக்கைப் பிடித்தால் நின்றது. ஆனால் கிளட்ச்சில் கருகல் வாடை வந்தது. மாப்பிள்ளை வண்டியாச்சே என்று பயந்து பிரேக்கை விட்டேன், மறுபடி கிளம்பியது. ஆஃப் பண்ணும் சுவிட்சைத் தாங்கள் பின் சீட்டுக்கு அடியில் வைத்த புத்திசாலித்தனத்தை என்னென்று சொல்வது? சீட்டைத் தூக்க வேண்டுமானால் அத்தை இறங்க வேண்டும், அந்த முழங்காலோடு அவள் இறங்கி முடிக்கும் வரை பிரேக்கைப் பிடித்தால் கிளட்ச் எரிந்தே போகும். வேகம் மட்டும் ஜனங்கள் நடக்கிற வேகம்தான், கம்மியும் இல்லை, ஜாஸ்தியும் இல்லை. சரி, திருப்பிப் பட்டறைக்கே விடலாம் என்று ஹேண்டிலை வளைத்தேன். ரோடே கத்தியது: "பெரியவரே, என்னா பண்றீங்க? எதிர்ச்சுத்தா வருவாங்க? சாமிக்கு ஆகாது!" எதிரில் ஓடி வந்த கான்ஸ்டபிளும், "சார், பௌர்ணமிக்கு வண்டி அலவ் இல்லைன்னு தெரியாதா?" என்றார். தெரியாமல் என்ன, அந்தச் சுற்றறிக்கையை வருஷா வருஷம் பிழை திருத்தியவனே நான்தான். நிற்கமாட்டேன் என்கிறது ஐயா, திருப்பிவிடட்டுமா என்றேன். அவர் கூடவே நடந்துகொண்டு, "நேரா போனா கேஸு, திரும்பினா பாவம். கேஸை நான் பாத்துக்கறேன், பாவம்லாம் என்னால பாக்க முடியாது. போயிடுங்க சார்!" என்று விசில் ஊதி வழிவிட்டார்.

போயிட்டேன். வேற என்ன பண்றது? பதினாலு கிலோமீட்டர். உடல் முடியாதவர்களுக்கு வந்த புது வண்டி என்று நினைத்து ஒருத்தர் விலை விசாரித்தார். ஒரு அம்மா ஹேண்டிலில் மாலை போட்டது. ஒரு வெள்ளைக்காரன் பின்னாலேயே நடந்து போட்டோ எடுத்தான். எனக்கு மானம் போகிறது. பின்னால் உங்கள் அத்தை பயத்தில் மயங்கிவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன். ரெண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ரோட்டை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன் மாப்பிள்ளை. உடனே, "என்னை எதுக்குப் பாக்கறீங்க, முன்னாடி மாடு வருது"ன்னு முதுகுல ஒண்ணு வச்சா.

ஏழு மணிக்குப் பட்டறைக்குத் திரும்பி வந்தோம். சகாதேவன் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து உட்கார்ந்திருந்தான். "ஒரு தடவைகூட ஆஃப் ஆகலை பாத்தீங்களா!" என்று சொல்லிக்கொண்டே பிளக் வயரைப் பிடுங்கி நிறுத்தினான். மறுபடி டிராக்டரில் கட்டி வீட்டுப் போர்ட்டிகோவுக்கே இழுத்து வந்தோம். கிளட்ச் தேய்ந்திருக்கிறது, முன்பக்கக் கம்பி போலீஸ் தடுப்பில் இடித்து வளைந்திருக்கிறது, ரெண்டு நாளாக ராஜேந்திரன் என்னைப் பார்த்து விசில் ஊதுகிறார். இந்த வயசில் இது எனக்குத் தேவையா? ஆகவே, மேலே கண்டபடி வெள்ளிக்கிழமைக்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போகுமாறு மிகவும் பணிவோடு, ஆனால் கண்டிப்போடு கேட்டுக்கொள்கிறேன்.

தாங்களும் மதிவதனியும் எல்லாக் குறையும் தீர்ந்து நீடூழி வாழ அண்ணாமலையார் அருளட்டும். லாரியோடு வரவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்,
கி. அப்பாசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில், ஐடிலைக் கம்மி பண்ணி வைக்கிறேன் என்று சகாதேவன் ஸ்பேனரோடு வந்தான். உங்கள் அத்தை போர்ட்டிகோவில் வண்டிக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "யாராச்சும் ஓட்டினாத்தான் அது சவாரி. நாம எங்க ஓட்டினோம்? அதுவா கூட்டிட்டுப் போச்சு, அதுவா கூட்டிட்டு வந்துச்சு. எட்டு ஆயிடுச்சு, ஒண்ணுதான் பாக்கி" என்கிறாள். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை வரவேண்டாம். ஆவணிப் பௌர்ணமி கழித்து வந்தால் போதும், அதற்குள் கிளட்ச் கட்டை மட்டும் ஒரு செட் பார்சலில் அனுப்பவும். அந்தக் கான்ஸ்டபிளிடமும் சொல்லி வைக்கிறேன். ஸ்க்ரூவை யாரும் தொடக்கூடாது.