சிவப்புத் துணி கட்டிய எல்லை

பதற்றத்தில் இருக்கிறவன் ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்ய வெளிக்கிட்டால், அதுதான் முதலில் கெட்டுப்போகும். சந்தேகம் இருந்தால் என் தங்கச்சியைக் கேளுங்கள்.

சண்டைக் காலம். நாவற்குடாவில் எங்கள் வளவு வாவிக்கரையோடு இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் நடக்காது. தங்கச்சிக்கு மாப்பிள்ளை சரி, நாளும் சரி, வீடுதான் இல்லை. தண்ணீரிலிருந்து தூரம் விட்டுத்தான் கட்டலாம், அதிகாரி வந்து பார்த்தால்தான் அனுமதி என்றார்கள். அவர் மறுத்துவிட்டால் கல்யாணமும் இல்லை என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் சிரமப்படக் கூடாதே என்று, விடியவே எழும்பித் தூரத்தை நானே அளந்து கம்புகள் நட்டேன். எடுப்பாகத் தெரியட்டும் என்று தங்கச்சியின் பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்து ஒவ்வொன்றிலும் கட்டினேன். கயிறும் இழுத்தேன். (என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்!)

அதிகாரி வந்தார். படலைக்குள் வைத்த காலைத் திரும்ப எடுத்தார்.

"தம்பி, சிவப்புத் துணி கட்டிக் கிடக்கு, மிதிவெடி இன்னும் எடுக்கல்லையா?"

"ஐயோ, அது எல்லை ஐயா!"

"எல்லையோ என்னவோ, நான் இஞ்சயே நிக்கிறன்."

அந்த நேரம் பார்த்து ரோந்து வந்த ஆமிக்காரரும் துணிகளைக் கண்டார்கள். அயல் சனமெல்லாம் ஓடியது.

"இது யாரு வச்சது?" என்றான் ஒருவன்.

"நான்தான்" என்றேன். (அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்கு யாராவது அப்படிப் பதில் சொல்வார்களா?)

அவர்களின் துவக்குக் குழல்கள் என் பக்கம் திரும்பின. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மண்டியிட்டேன். உண்மையாகவே செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் தங்கச்சி மிச்சப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"சேர், அது என்ட பாவாடை! இஞ்ச பாருங்க, அதே துணி!"

அவன் இரண்டையும் ஒட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் தூக்கிய கையை இறக்கவில்லை.

தைரியம் வந்த அதிகாரி உள்ளே வந்து ஒரு கம்பைத் தடவினார்.

"இத எங்க வெட்டின நீங்க?"

"கரையிலதான் ஐயா."

"கரையப் பிடிச்சு நிக்கிற கண்ணா மரம் தம்பி இது. வெட்டுறது குற்றம். வெட்டின இடத்தில கண்ணாக் கண்டு நட்டுப்போட்டு வாங்க, அனுமதிய மறுகா பாப்பம்."

இடுப்பளவு சேற்றில் நின்று நட்டேன். அனுமதி கிடைத்தது, வீடு எழும்பியது, கல்யாணமும் நடந்தது. இப்போது அவளுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் நான் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும், கொடியில் காயும் உடுப்பையெல்லாம் அள்ளி உள்ளே கொண்டுபோய்விட்டுத்தான் "வா அண்ணா" என்கிறாள்.