இருபத்தோரு இடங்களும் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரும்

காட்டு உயிர்களைக் காப்பாற்ற உலகம் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டது. துப்பாக்கிக் காவல், மின்வேலி, கழுத்துப்பட்டை, செயற்கைக்கோள். பாவம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தத் துறையில் பிளீச்சிங் பவுடரின் மகத்துவத்தை முதன்முதலில் நிலைநாட்டியது நம் திருச்சி. இந்தப் பெருமையை நம்மிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. பறித்துக்கொள்ள யாரும் வரவும் மாட்டார்கள்.

நிலைநாட்டிய நிறுவனம் கன்டோன்மென்ட்டில் ஒரு மாடியில் இருக்கிறது. 'காவிரிப் படுகை நீர்வாழ் பாலூட்டிகள் ஆய்வு மற்றும் மேம்பாட்டு மையம்' என்று பெயர். பலகை வாசலைவிட அகலம். இயக்குநர் முனைவர் பீமராவ், நீர்நாயைப் பற்றிப் பதினான்கு கட்டுரைகள் எழுதியவர். ஒரு நீர்நாயைக்கூட நேரில் பார்த்ததில்லை. அதைக் குறை என்று நினைத்துவிடக் கூடாது, அது கொள்கை. "நேர்ல பாத்தா பாசம் வந்துடும்மா. பாசம் வந்தா புள்ளிவிவரம் கெட்டுப்போயிடும்" என்பார்.

புள்ளிவிவரத்தைக் கெடுத்துக்கொள்வதற்கென்றே அங்கே ஒருத்தி சம்பளம் வாங்கினாள். நஜீமா, கள ஆய்வாளர். மூன்று வருஷமாக ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக்கரை நாணல் காட்டில், விடிவதற்கு முன்னால் போய் உட்கார்ந்து, முழங்கால்வரை சேறோடு பஸ் ஏறி, பத்து மணிக்கு மையத்தில் விரல் ரேகை வைப்பாள். சேற்று விரலை மிஷின் ஏற்காத நாட்களில் அவளுக்கு அரை நாள் லீவு.

நீர்நாய் லேசில் கண்ணில் படாது. ஆனால் அதனிடம் ஓர் ஒழுங்கு உண்டு. கூட்டமாகக் கரையேறி, தனக்கென்று வைத்திருக்கும் இடங்களில்தான் எச்சமிடும். மீன் செதிலும் நண்டு ஓடுமாகக் கிடக்கும் அந்த இடங்களை எண்ணினால், கூட்டம் அங்கே நிலையாக வாழ்கிறதா என்று சொல்லிவிடலாம். நஜீமா எண்ணியது இருபத்தோரு இடம். அவளுடைய அத்தா கியாசுதீனுக்குப் பாலக்கரையில் செருப்புக் கடை. மகள் எதில் ஆராய்ச்சி பண்றாள் என்று யாராவது கேட்டால், "தண்ணி சம்பந்தமா" என்று சொல்லிவிட்டு அவசரமாக ஒரு செருப்பை எடுத்துக் காட்டுவார்.

அந்த இருபத்தொன்றில்தான் எல்லாம் இருந்தது. மாநிலத்திலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. குறைந்தது பதினைந்து எச்ச இடங்களைக் குழு கண்ணால் பார்த்தால், அந்த இரண்டு கிலோமீட்டர் கரை பாதுகாக்கப்பட்ட பகுதி. பார்க்காவிட்டால் அங்கே உல்லாசப் படகுத்துறை. விசைப்படகும், பஜ்ஜிக் கடையும், பாட்டும்.

"எனக்கு அதுங்க மேல பிரியம் ஒண்ணும் இல்லம்மா" என்றார் அவளைப் பரிசலில் ஏற்றிப்போகும் மீன்காரர் அடைக்கலம். "இந்த மாசம் மட்டும் நாலு வலைய கிழிச்சிருக்குங்க. ஆனா மோட்டார் படகு வந்துச்சுன்னா நானும் அதுங்களோட சேந்து மூட்டை கட்ட வேண்டியதுதான். எப்படியாவது பாஸ் பண்ண வெச்சிரு."

"பதினஞ்சு போதும் அண்ணே. நம்மகிட்ட இருபத்தொண்ணு இருக்கு. அதுங்களே பாஸ் பண்ணிடும்" என்றாள் நஜீமா.

அவளுக்கு நீர்நாய்களைத் தெரியும். மையத்தை இன்னும் சரியாகத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை வரவேற்பு ஆலோசனைக் கூட்டம் நடந்தது. ஷாமியானா, முசிறியிலிருந்து குலை தள்ளிய வாழைமரம், சந்தனம், பன்னீர் எல்லாம் ஒருமனதாக நிறைவேறின. கடைசியாக பீமராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"கரை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். எல்லா இடமும் புதுசா இருக்கு. நேத்துகூட வந்துட்டுப் போயிருக்கு" என்றாள் நஜீமா பெருமையோடு.

"நான் கேக்கறது சுத்தமா இருக்கான்னு."

"சார், எச்சம் இருக்குற இடம் சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். குழுத் தலைவரா வர்றது ரங்கநாயகி மேடம். காலைல பெருமாளைச் சேவிச்சுட்டு நேரா இங்க வராங்க. அவங்களை அசிங்கத்துக்கு நடுவுல நிறுத்த முடியுமா?"

"சார், அவங்க வர்றதே அதைப் பாக்கத்தான் சார்."

"பாக்கட்டும். யார் வேண்டாம்னாங்க? சுத்தமான சூழல்ல பாக்கட்டும்."

சுத்தமான சூழலில் எச்சத்தை எப்படிப் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. வடை வந்துவிட்டது. எச்சத்தைத் தொட வேண்டாமென்று நஜீமா மட்டும் விடாமல் நாலு முறை சொன்னாள். நாலாவது முறை, "நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படுறீங்க. ரெண்டு நாள் கரைப்பக்கம் போக வேண்டாம். ஆபீஸ்ல உக்காந்து வரவேற்புப் படக்காட்சியைத் தயார் பண்ணுங்க" என்று உத்தரவாயிற்று. படக்காட்சியில் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து உட்கார வேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். அவற்றைப் பறக்கவிட அவளுக்கு வியாழன் மாலைவரை ஆனது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கொள்ளிடக் கரையில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். நாணலைக் காணோம். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று ஜேசிபி விட்டுச் சமன்படுத்தியிருந்தார்கள். தண்ணீர் ஓரமாக இரண்டு கிலோமீட்டருக்கு வெள்ளைவெளேரென்று கோடு. மூக்கை அடைத்தது வாடை. நடுநடுவே புதுப் பலகைகள்: 'இங்கு அசுத்தம் செய்வோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.'

துப்புரவு ஒப்பந்த மேற்பார்வையாளர் செந்தமிழன் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"மேடம், யாரோ கூட்டமா வந்து அநியாயத்துக்கு அசிங்கம் பண்ணி வெச்சிருந்தாங்க மேடம். ஒரே மீன் நாத்தம். நாங்க விடல. நேத்தே சுரண்டி எடுத்து, கழுவி, பவுடர் போட்டுட்டோம்."

"எத்தனை இடம்?" என்றாள் நஜீமா.

"இருபத்தொண்ணு மேடம். நானே கூட நடந்து எண்ணினேன். ஒண்ணு விடல."

ஆக, நஜீமாவின் மூன்று வருஷ ஆராய்ச்சியை முதன்முதலாக வேறொருவர் களத்தில் சரிபார்த்து உறுதி செய்துவிட்டார். எந்த விஞ்ஞானிக்கும் எளிதில் வாய்க்காத பாக்கியம் இது. அவளோ நன்றிகெட்டதனமாக வாழைமரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

பத்தரைக்குக் குழு வந்தது. ரங்கநாயகி அம்மையார் கரையைப் பார்த்து மெய்ம்மறந்தார். "என்ன ஒரு பரிசுத்தம். புண்ணிய நதின்னா இப்படின்னா இருக்கணும்" என்றவர், கையிலிருந்த விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். "எச்சம் எங்கே?"

"முழுமையா அகற்றப்பட்டுடுச்சு மேடம்" என்றார் பீமராவ்.

"அப்போ நீர்நாய்?"

"அதுங்களும் முழு ஒத்துழைப்பு கொடுத்திருக்கு மேடம். காலைலேர்ந்து ஒண்ணுகூட இந்தப் பக்கம் வரல."

"மேடம், என்கிட்ட மூணு வருஷப் படம் இருக்கு. இடம், தேதி, நேரம் எல்லாம் இருக்கு. இருபத்தோரு இடத்தையும் நேத்துதான் சுரண்டிட்டாங்க. அவரையே கேளுங்க" என்று நஜீமா முன்னால் வந்து செந்தமிழனைக் காட்டினாள்.

அம்மையார் அவளைக் கனிவோடு பார்த்தார். "குழந்தே, விதியில 'நேரில் காண வேண்டும்'னு போட்டிருக்கே. பார்க்காததை எப்படிப் பார்த்தேன்னு எழுதறது? பொய் சொல்லலாமோ?"

பொய் சொல்ல மறுக்கும் அதிகாரிகள் நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? குழு அங்கேயே கூடி ஆராய்ந்தது. எச்சம் பூஜ்யம். இதற்கு இரண்டு விளக்கம்தான் இருக்க முடியும். ஒன்று, அங்கே நீர்நாய்கள் இல்லை. இரண்டு, நீர்நாய்கள் இருக்கின்றன, ஆனால் திறந்தவெளியில் மலம் கழிப்பதை அறவே நிறுத்திவிட்டன. எதையும் ஒதுக்கித் தள்ளாத விசாலமான மனத்தோடு குழு இரண்டையுமே ஏற்றுக்கொண்டது. முதல் விளக்கத்தின்படி படகுத்துறைக்குப் பரிந்துரை. இரண்டாவதன்படி, விலங்குகளிடையே சுகாதார விழிப்புணர்வை வளர்த்ததற்காக மையத்துக்குக் கேடயம். பிறகு எல்லாரும் வருகைப் பட்டியலில் கையெழுத்திட்டு ஷாமியானாவில் சாப்பிட்டார்கள். சாம்பார், ரசம், இரண்டு பாயசம். நஜீமாவையும் இழுத்து உட்கார வைத்தார்கள். வராவிட்டால் கேடயத்தை அவமதித்ததாகிவிடும் என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து அடைக்கலம் போன் செய்தார். "முக்கொம்புவரைக்கும் துழாவிட்டேம்மா. ஒண்ணையும் காணோம். ரெண்டு வாரமா வலை கிழியல. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

அன்று மதியமே பீமராவ் ஒரு படிவத்தை நஜீமாவின் மேஜையில் வைத்தார். "சின்ன ஃபார்மாலிட்டிம்மா. ஒரு உயிரினம் ஓர் இடத்தை விட்டுப் போயிட்டா, எதனால போச்சுன்னு எழுதி அனுப்பினாத்தான் படகுத்துறைக்குக் கையெழுத்து ஆகும். 'பருவநிலை மாற்றம்'னு போட்டுடுங்க. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. எண்ணிக்கை கேக்கற எடத்துல வழக்கம்போல 'சுமார்'னு ஆரம்பிங்க."

அவர் போனபிறகு அவள் படிவத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு அலுவலக அலமாரியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்து, பேனா மூடியைக் கழற்றி, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் படிவத்தை நிரப்பினாள். யாரிடமும் காட்டாமல் இரண்டையும் அவளே நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தாள். மையத்தின் வரலாற்றிலேயே 'சுமார்' இல்லாமல் போன முதல் கணக்கெடுப்பு அதுதான் என்பதை இங்கே பெருமையோடு பதிவுசெய்ய வேண்டும்.

வெளியேற்றிய காரணி: ஓர் உயிரினம்.

இனம்: மனிதர்.

சம்பவ இடத்தில் நேரில் கண்ட எண்ணிக்கை: நாற்பத்து மூன்று, என்னையும் சேர்த்து.

ஆதாரம்: மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் கைப்படக் கையெழுத்திட்ட வருகைப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.