பன்னிரண்டாம் பிரிவு

நோயாளியின் வாயை அடைத்துவைத்துச் சட்டம் படித்துக்காட்டிய வைத்தியர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவர்தான் இருந்தார். அவர் திருநெல்வேலிச் சந்தி ரங்கூன் டொக்டர். அவரைக் காட்டிக்கொடுத்து அவருடைய பெயர்ப்பலகையைக் கழற்றவைத்தவன் நான்.

காய்ச்சலோடு போனால் தெர்மாமீட்டரை நாக்குக்கடியில் செருகுவார். உடனே தாம் எழுதிய மசோதாவை எடுப்பார். "ஒண்டாம் பிரிவு! எந்தக் கடலைத் தாண்டிப் படிச்சாலும், கடலே தாண்டாமல் படிச்சாலும், டொக்டர்மார் எல்லாருக்கும் ஒரே சோதனை." பதினொரு பிரிவும் முடியும்வரை தெர்மாமீட்டர் வாயில்தான். வயிற்றுவலிக்காரனுக்கும் அதே கதிதான்.

அவருடைய கோபம் நியாயமானது. அந்நாளில் லண்டனிலோ கொழும்பிலோ படித்தவருக்கே இலகுவில் பதிவு கிடைத்தது. ரங்கூன் சான்றிதழை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சோதனை எழுதிக் காட்டுகிறேன் என்றாலும் விடவில்லை. "லண்டன் கப்பலிலை வந்தவன் டொக்டர், ரங்கூன் கப்பலிலை வந்தவன் கள்ளனோ?" என்று சந்தியே அதிரக் கத்துவார். இன்று நினைத்தாலும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. அன்று கொதிக்கவில்லை.

நான் அப்போது அங்கே பிரக்கிராசியாக வழக்குப் பேசிக்கொண்டிருந்தேன். மசோதாவை ஆங்கிலத்தில் திருத்தித் தரும்படி அவர் தம் சான்றிதழ்கள் அத்தனையையும் என்னிடம் நம்பித் தந்தார். அதே மாதம் கொழும்பில் படித்த என் தம்பி சந்தியின் மறுபக்கம் டிஸ்பென்சரி திறந்தான். அங்கே ஈ மட்டும்தான் வந்தது. ரங்கூனார் நம்பித் தந்த அதே கடதாசிகளைப் பார்த்து, 'பதிவில்லாத ஒருவர் டொக்டர் என்று சொல்லிக்கொள்கிறார்' என்று கொழும்பு வைத்திய சபைக்கு எழுதிவிட்டேன். கையெழுத்தில்லாத மொட்டைப் பெட்டிசம்.

டொக்டர் என்ற பெயரையே பாவிக்கக் கூடாது என்று கட்டளை வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் நேரே என்னிடம்தான் வந்தார்.

"பிரக்கிராசியார், பதில் எழுதும் ஐசே. உந்தப் பெட்டிசம் எழுதினவன் மனிசனே இல்லை எண்டு போடும்."

"அப்பிடி எழுதேலாது, டொக்டர்."

"ஏன், ஆளை உமக்குத் தெரியுமோ?"

கடதாசியை இழுத்துவைத்து எழுதினேன். 'நன்றி கெட்டவன், கோழை' என்று என்னையே நல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்கம் திட்டினேன். "இன்னும் காரமாய்ப் போடும்!" என்றார். போட்டேன்.

பதில் பலிக்கவில்லை. அது தெரிந்த மறுநாள் பழைய பலகை கழன்று புதுப்பலகை தொங்கியது: 'இங்கே டொக்டர் இல்லை. காய்ச்சலுக்கு மருந்து உண்டு.' அளவெட்டியிலிருந்தும் வண்டி கட்டி வந்து சனம் பலகையைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் பதிவுள்ள டொக்டரின் லீவுக் கடிதம் வேண்டிய வாத்திமாரும் கிளாக்குமாரும் மெல்லத் தம்பியிடம் போய்விட்டார்கள். ரங்கூனாரிடம் ஏழைகள் மிஞ்சினார்கள்.

இரண்டு வருடம் பொறுத்தேன். பிறகு ஒருநாள் போய், "பெட்டிசம் எழுதினது நான்தான்" என்றேன்.

முகம் கறுத்தது. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். தெர்மாமீட்டரை எடுத்து என் வாயில் செருகினார். பதினொரு பிரிவையும், ஒவ்வொன்றுக்கும் மேசையில் குத்திக் குத்திப் படித்தார். பிறகு பேனையை எடுத்து இன்னொன்று எழுதி அதையும் படித்தார்.

"பன்ரண்டாம் பிரிவு. காட்டிக்குடுத்தவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் மருந்து குடுக்கவேணும். இப்ப வாயைத் திறவும். உமக்குக் காய்ச்சல் இல்லை, எழும்பிப் போம்!"

அந்தப் பன்னிரண்டு பிரிவையும் தட்டச்சு செய்து, சட்டசபை அங்கத்தவர் ஒருவரிடம் மூன்று முறை கொண்டுபோனேன். மூன்று முறையும் "பார்ப்போம்" என்றார். அது அவருடைய மேசை லாச்சியிலேயே கிடந்தது. ரங்கூனார் கடைசிவரை பதிவில்லாமலே இருந்து செத்தார்.

இப்போது என்னைப் பார்க்க வரும் இளம் டொக்டர் ஒரு நிமிடத்தில் தெர்மாமீட்டரை எடுக்கக் கை நீட்டுகிறார். நான் வாயைத் திறப்பதில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று கையால் காட்டுகிறேன்.